டீக்கி உணவகங்கள்: பணம் ஒழுகுவது பின்கட்டில், இடிப்பது முன்கட்டை

கேள்விக்காரர் | 2 மார்ச் 2025, இரவு 9.10

அமெரிக்காவில் 1950, 60-களில் கட்டிய டிக்கி உணவகங்களைப் பற்றித்தான், அதாவது போலினேசிய (பசிபிக் தீவுகள்) பாணி உணவகங்கள். மூங்கில், கீற்று, மரச்சிலை, நடுவில் தீ எரியும் மதுக் கிண்ணம். ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன. அவற்றை அப்படியே காப்பாற்றுவது வீண் வேலை என்பது என் கட்சி. ஜன்னல் இல்லாத இருட்டு, உளுத்த மூங்கில், ஐம்பது வருஷத்து மெனு. சுவரை உடைத்து வெளிச்சம் விட்டு, மேசையைக் கூட்டி, மெனுவைச் சுருக்கினால் பிழைக்கும். ஒஹையோவின் கொலம்பஸ் நகரத்துக் கஹிக்கி உணவகம் தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் இருந்தும் 2000-ல் இடிபட்டது. பதிவேடே காப்பாற்றாததை ஏக்கம் காப்பாற்றுமா? மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். டிக்கி ரசிகர்கள் சண்டைக்கு வரலாம்.

பின்கட்டு | 2 மார்ச், இரவு 11.35

முதலில் எழுத்து. டிக்கி என்று எழுதினால் நம்மவர்களுக்குக் காரின் பின்பக்கம்தான் நினைவுக்கு வரும். டீக்கி என்றே வைத்துக்கொள்வோம்.

கஹிக்கியைச் சாட்சிக்கு அழைத்திருக்கிறீர்கள், அது உங்கள் பக்கம் பேசாது. 1961-ல் திறந்த கட்டடம். போர்ப்படகின் முகப்பு போல உயர்ந்த கூரை, வாசலில் தலைமேல் தீ எரியும் மோஆய் (ஈஸ்டர் தீவுக் கல்முகம்) சிலைகள், உள்ளே குடிசைத் தெரு, மழை வழியும் ஜன்னல்கள். 1997-ல் பதிவேட்டில் ஏறியது. மூன்றே வருஷத்தில் இடம் மருந்துக்கடைக்குப் போனது. பழசாகவே விட்டதால் செத்தது என்பதற்கோ, புதுப்பித்திருந்தால் பிழைத்திருக்கும் என்பதற்கோ அதில் ஆதாரம் இல்லை. நல்ல சாலையோரத்தில் பெரிய மனை, அதில் ஒற்றைக் கட்டடம். அந்த நிலைமையில் உள்ளே எத்தனை விளக்கு எரிகிறது என்று வாங்க வருகிறவர் எண்ணிப் பார்ப்பதில்லை.

பதிவேடு ஒரு மரியாதைதான், பூட்டு இல்லை. தன் சொந்தப் பணத்தில் தன் சொந்தக் கட்டடத்தை இடிக்கும் தனியாரை அது தடுக்காது. மத்திய அரசின் பணமோ அனுமதியோ உள்ளே வந்தால்தான் ஆய்வு என்ற பேச்சே. உரிமையாளர் கையைக் கட்டக்கூடியது நகராட்சியின் சொந்தப் பாரம்பரியச் சட்டம் மட்டும். அதுவும் ஊருக்கு ஊர் வேறு. சில ஊரில் இடிப்பையே மறுக்கலாம், சில ஊரில் சில மாதம் தள்ளிப்போடத்தான் முடியும்.

இந்தக் கடைகளில் பணம் ஒழுகுவது பின்கட்டில். சமையலறை, தட்டைக் கூரை, வடிகால், மின்கம்பி. புதுப்பிக்கிறேன் என்று வருகிறவர் கை வைப்பதோ முன்கட்டில், அதாவது ஆள் எதைப் பார்க்க வருகிறானோ அதில்.

பின்கட்டு | 3 மார்ச், காலை 6.50

தூக்கத்தில் நினைவுக்கு வந்தது. இதற்கு மை-கை என்ற டீக்கி உணவகத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஃபுளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேல், 1956 டிசம்பர் கடைசியில் திறப்பு, 2014-ல் பதிவேடு. 2020 அக்டோபரில் ஏன் மூடினார்கள்? சிலை உளுத்ததாலோ, மேடை நடனம் பழசானதாலோ இல்லை. கனமழை, தீயணைப்புத் தெளிப்பான் குழாய் உடைப்பு, சமையலறைக் கூரை உள்ளே விழுந்தது. நாலு வருஷம் பூட்டு. 2024 நவம்பரில்தான் மறுபடி திறந்தார்கள்.

கேள்விக்காரர் | 3 மார்ச், காலை 8.15

கூரை விழுந்ததே பழசைப் பிடித்துக்கொண்டு தொங்கியதால்தானே? நான் சொல்வதையே நீங்களும் சொல்கிறீர்கள்.

பின்கட்டு | 3 மார்ச், மதியம் 1.20

பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்தப் பழசு?

இந்த வகைக் கட்டடங்களில் தெருவுக்குத் தெரியும் செங்குத்துக் கூரை பெரும்பாலும் சிக்கல் தராது. தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். பின்னால் போய்ப் பாருங்கள். தார் பூசிய தட்டைக் கூரை, அதன்மேல் குளிர்சாதனப் பெட்டிகள், புகைபோக்கிகள், வியாபாரம் பெருகிய காலத்தில் ஒட்டுப்போட்ட அறைகள். ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு பள்ளத்தாக்கு. ஒரு சதுர மீட்டரில் ஒரு அங்குலத் தண்ணீர் நின்றால் 25 கிலோ. பத்துக்குப் பத்து மீட்டர் கூரையில் ஒரே அங்குலம் நின்றால் இரண்டரை டன். அந்தப் பாரத்தில் கூரை கொஞ்சம் தொய்யும், தொய்ந்த இடத்தில் இன்னும் தண்ணீர் சேரும். விழுவது இப்படித்தான்.

இதில் டீக்கி கடைக்கே உரிய இரண்டு வில்லங்கம். ஒன்று, முன்கூரையின் கீற்று உதிர்ந்து காற்றில் பின்னால் போய் வடிகால் வாயை அடைக்கும். ஒவ்வொரு வடிகாலுக்கும் பக்கத்தில் இரண்டு அங்குலம் உயரத்தில் தனிக் குழாயோடு இன்னொரு வடிகால் வேண்டும். அதன் வாய் ஆள் நடமாடும் இடத்தில் சுவரில் திறக்க வேண்டும். அதில் தண்ணீர் வந்தால் மேலே அடைத்துக்கொண்டது என்று வாசல் காவலாளிக்கே தெரிந்துவிடும்.

இரண்டாவது கொழுப்பு. வறுவல் புகையோடு வெளிவரும் எண்ணெய், விசிறியின் அடியில் கூரைமேல் படியும். தாரையும் ரப்பர் விரிப்பையும் அது மெல்ல இளக வைக்கும். விசிறிக்குக் கீழே கொழுப்புப் பிடிக்கும் தட்டும், அந்தப் பகுதிக்கு மட்டும் பிவிசி விரிப்பும் போட வேண்டும். செலவு பெரிதில்லை. யார் கண்ணிலும் படாத வேலை என்பதால் முதலாளிக்கு மனசு வராது.

பின்கட்டு | 3 மார்ச், மதியம் 1.40

திருத்தம். மை-கை இருப்பது ஃபோர்ட் லாடர்டேல் நகராட்சி எல்லையில் இல்லை, அதை ஒட்டிய ஓக்லேண்ட் பார்க்கில். எல்லோரும் சொல்வதை நானும் எழுதிவிட்டேன். எந்த நகராட்சி என்பது இங்கே முக்கியம், பாரம்பரியச் சட்டம் அவர்களுடையது.

மூங்கில் | 3 மார்ச், இரவு 10.05

உளுத்த மூங்கில் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டார் கேள்விக்காரர். உளுத்ததா, எப்போதோ உளுத்து நின்றதா என்று பார்க்காமல் பிடுங்கி எறிவதுதான் வழக்கமான தப்பு.

ஓட்டை இருந்தால் பூச்சி இருக்கிறது என்று அர்த்தமில்லை. சுத்தமாகத் தூசி உறிஞ்சிவிட்டு, அடியில் கறுப்புக் காகிதம் விரித்து இரண்டு வாரம் விடுங்கள். முகப்பவுடர் போல வெளிர் மாவு விழுந்தால் உயிரோடு இருக்கிறது. விழவில்லை என்றால் அது எழுபதுகளில் செத்த பூச்சியின் ஓட்டை, அதன் பாட்டுக்கு இருக்கட்டும்.

உயிரோடு இருந்தால் வெங்காரமும் (போராக்ஸ்) போரிக் அமிலமும். 100 லிட்டர் வெந்நீருக்கு 3 கிலோ போரிக் அமிலம், 2 கிலோ வெங்காரம். வெளியே தூரிகையால் பூசிப் பயனில்லை, மூங்கிலின் மேல்தோல் குடிக்காது. மறைவான பக்கத்தில் கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் துளை போட்டு ஊசியால் உள்ளே செலுத்த வேண்டும். உட்சுவர்தான் உறிஞ்சும். துளையைத் தேன்மெழுகால் அடைத்தால் தெரியாது.

மூங்கில் | 4 மார்ச், காலை 7.30

விகிதத்தை மாற்றி எழுதிவிட்டேன், மன்னிக்கவும். வெங்காரம்தான் 3 கிலோ, போரிக் அமிலம் 2 கிலோ. இரண்டும் சேர்ந்தால்தான் நன்றாகக் கரையும். ஆறியபின் அடியில் உப்பாகப் படிந்தால் மறுபடி சூடாக்கிக் கலக்குங்கள்.

இன்னொன்று. சிலைகளிலும் தூண்களிலும் இருக்கும் நீள வெடிப்பை மரப்பசை வைத்து அடைக்காதீர்கள். குளிர்காலத்தில் வெடிப்பு விரியும், மழைக்காலத்தில் சுருங்கும். இறுக அடைத்தால் பக்கத்தில் புதிதாக இன்னொன்று விழும். அறையின் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதத்தில் நின்றால் போதும். சுவரில் இருப்பது தாழம்பாய் என்றால் தண்ணீர்த் துணியால் துடைக்க வேண்டாம். அறுபது வருஷச் சிகரெட் புகை கரைந்து பாய்க்குள் இறங்கி, துடைத்த இடம் மட்டும் திட்டாகும். மென்மையான தூரிகை, உறிஞ்சி, அதோடு விட்டுவிடுங்கள்.

கேள்விக்காரர் | 4 மார்ச், காலை 9.00

மூங்கிலைக் காப்பாற்றலாம், சரி. இருட்டு? உட்கார்ந்தால் மெனு படிக்க முடியவில்லை. நாலு ஜன்னல் திறப்பதில் என்ன குடி முழுகிப்போகிறது?

பின்கட்டு | 4 மார்ச், மாலை 5.45

ஜன்னல் திறந்தால் என்ன தெரியும்? கார் நிறுத்துமிடம். அத்தோடு கடை முடிந்தது.

இந்த அறைகளில் எல்லாமே பக்கவாட்டில், கீழிருந்து, சிறு புள்ளிகளாக வரும் வெளிச்சத்துக்கு என்று அமைத்தவை. சிலைக்கு அடியில் ஒன்று, கண்ணாடி மிதவைக்குள் ஒன்று, பேத்தை மீன் விளக்குக்குள் ஒன்று. மேலிருந்து வெள்ளை வெளிச்சம் விழுந்தால் புகை படிந்த தூசியும் ஆணித்தலையும் தெரியும். ஆனால் மெனு படிக்க முடியவில்லை என்பது நியாயமான புகார். அதற்கு மருந்து மேசை விளக்கு, சுவரை உடைப்பது இல்லை.

பழைய குண்டு பல்பை எல்இடி ஆக்குவது அவசியம். பேத்தை மீன் என்பது ஊதிக் காயவைத்த தோல். 25 வாட் சூட்டில் வருஷக்கணக்கில் இருந்தால் சருகாகி முள்ளோடு உதிரும். 2 வாட் எல்இடி போதும். நிறம் 2200 கெல்வின். கடையில் கேட்காமல் வாங்கினால் 2700 தருவார்கள். வீட்டுக்கு அது சரி, இங்கே வெளிறிப்போகும்.

இன்னொரு இடத்திலும் மாட்டிக்கொள்வார்கள். சுவரில் இருக்கும் பழைய மங்கலாக்கி (டிம்மர்) 600 வாட் பாரத்துக்குச் செய்தது. இருபது குண்டு பல்பை எடுத்துவிட்டு இருபது எல்இடி போட்டால் மொத்தமே 40 வாட். அந்தக் குறைந்த பாரத்தில் அது நிற்காது. விளக்கு சிமிட்டும், அல்லது பாதிக்குக் கீழே இறங்காது. பிறகு "எல்இடி சரியில்லை" என்று திட்டுவார்கள். எல்இடிக்கு உரிய மங்கலாக்கியையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

பின்கட்டு | 4 மார்ச், இரவு 11.10

மழை ஜன்னல் பற்றித் தனிச்செய்தியில் ஒருவர் கேட்டார், எல்லோருக்கும் ஆகட்டும் என்று இங்கேயே.

முதலில் இது ஏன் இருக்கிறது. டீக்கி மதுக்கூடத்தைத் தொடங்கிவைத்த டான் தி பீச்கோமர் 1930-களில் ஹாலிவுட்டில் தன் மதுக்கூடத்தின் தகரக் கூரைமேல் தண்ணீர் அடித்து மழைச் சத்தம் எழுப்புவார் என்று சொல்வார்கள். வெளியே மழை என்று நினைத்து வாடிக்கையாளர் இன்னொரு கோப்பை சொல்வாராம். ஆக மழை அலங்காரமாகப் பிறக்கவில்லை, பில்லைக் கூட்டப் பிறந்தது. புதுப்பிப்பவர்கள் முதலில் நிறுத்துவது இந்தப் பம்பைத்தான், கரண்ட் மிச்சம் என்று.

அமைப்பு எளிது. இரட்டைக் கண்ணாடி, பின்கண்ணாடியின் மேல் துளையிட்ட குழாய், 2 மில்லிமீட்டர் துளை, 4 சென்டிமீட்டருக்கு ஒன்று. கண்ணாடியில் ஒட்டி வழிய மீட்டருக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் அளவு போதும். கூட்டினால் தெறிக்கும். கீழே துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி, அதிலிருந்து பம்ப், மறுபடி மேலே.

கெட்டுப்போகும் வரிசையும் எப்போதும் ஒன்றுதான். முதலில் துளைகளில் உப்பு படிந்து மழை கோடுகோடாகும். யாராவது பம்பைப் பெரிதாக்குவார். தண்ணீர் தொட்டியைத் தாண்டித் தெறித்து மரச் சட்டத்துக்குள் போகும். இரண்டு வருஷம் கழித்துச் சுவர் வீங்கும். "இந்தப் பழைய ஜன்னலே தொல்லை" என்று மூடிவிடுவார்கள். வாரம் ஒருமுறை வினிகர் ஓடவிட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. தொட்டிக்கு வழிந்தோடும் குழாய் ஒன்றும், மிதவை வால்வும் கட்டாயம்.

லெஜியனெல்லாவை மறக்காதீர்கள், நுண்துளியோடு நுரையீரலுக்குள் போய் நிமோனியா தரும் பாக்டீரியா. 20 முதல் 45 டிகிரிக்குள் தேங்கும் தண்ணீர், அது தெறித்து நுண்துளியாகிறது, பக்கத்தில் ஆள் சாப்பிடுகிறார். புற ஊதா விளக்குக் குழாய், கிருமிநாசினி அளவுப் பதிவேடு, மூடிவைத்த கடையைத் திறக்கும் முன் முழுவதும் வடித்துக் கழுவுவது, மூன்றும் வேண்டும். பழமை என்பதற்காக விலக்கு கேட்கக்கூடாத இடம் இது.

கணக்கர் | 5 மார்ச், காலை 10.20

பின்கட்டு ஆரம்பத்தில் பதிவேட்டை வெறும் மரியாதை என்று தள்ளிவிட்டார். பணக்கணக்கு விட்டுப்போனது.

பதிவேட்டில் உள்ள, வருமானம் தரும் கட்டடத்தைத் தர விதிகளின்படி சீரமைத்தால், தகுதியான செலவில் 20 சதவீதம் மத்திய வருமான வரியில் கழியும். 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஐந்து வருஷத்தில் சம பங்காக. நிபந்தனை: 24 மாதத்தில் செய்யும் செலவு, கட்டடத்தின் சரிக்கட்டிய கணக்கு மதிப்பைத் தாண்ட வேண்டும்.

கற்பனைக் கணக்கு ஒன்று. கணக்கு மதிப்பு 12 லட்சம் டாலர். 15 லட்சம் செலவழித்தால் 3 லட்சம் கழிவு, வருஷத்துக்கு 60,000. 11 லட்சத்தில் நிறுத்தினால் பூஜ்யம். சிக்கனமாகச் செய்தவருக்கு எதுவும் இல்லை, இதுதான் பலர் சறுக்கும் இடம்.

கூரை, வடிகால், மின்கம்பி, தெளிப்பான் எல்லாம் கணக்கில் வரும். மேசை நாற்காலி, அடுப்பு, கார் நிறுத்துமிடம், புதிதாகக் கூட்டும் அறை வராது. இந்தக் கழிவுக்கான விண்ணப்பத்தின் இரண்டாம் பகுதிக்கு ஒப்புதல் வாங்காமல் வேலை தொடங்காதீர்கள். கேள்விக்காரர் திறக்கச் சொல்லும் நாலு ஜன்னல், கட்டடத்தின் குணத்தையே மாற்றுகிறது என்று முடிவானால் மொத்தக் கழிவும் போகும். வேலை முடிந்து ஐந்து வருஷத்துக்குள் விற்றால் கழிவை முழுதாகவோ பகுதியாகவோ திருப்பிக் கட்ட வேண்டும்.

பின்கட்டு | 5 மார்ச், காலை 11.00

ஒப்புக்கொள்கிறேன். பூட்டு இல்லை, ஆனால் சாவிக்கொத்து என்று எழுதியிருக்க வேண்டும். கூரைக்கும் வடிகாலுக்கும் பணம் வருவது என் கட்சிக்கும் சாதகம்தான்.

கேள்விக்காரர் | 5 மார்ச், இரவு 8.40

ஜன்னல் வாதத்தை வாபஸ் வாங்குகிறேன், கணக்கரின் பூஜ்யத்துக்காக மட்டும். மது, சாப்பாடு? ஒரு கோப்பைக்கு எட்டுப் பொருள். வெள்ளிக்கிழமை இரவு கூட்டத்தில் இது கட்டுப்படியாகுமா? பாட்டில் கலவைக்குப் போவதுதானே நவீனம்?

பின்கட்டு | 5 மார்ச், இரவு 11.55

பாட்டில் கலவை நவீனமே இல்லை. டான் தி பீச்கோமர் கடையிலேயே மதுக் கலவைஞருக்கு எல்லாப் பொருளும் தெரியாது. "டானின் கலவை", "மசாலா எண் 4" என்று சங்கேதப் பெயர் ஒட்டிய பாட்டில்கள்தான். கலவை ரகசியம் வெளியே போகாமல் இருக்க. வேகமும் அதனாலேயே வந்தது. அதில் பின்னாளில் என்ன கெட்டது என்றால், எலுமிச்சையையும் பாட்டிலில் அடைத்தார்கள். புளிப்புத் தூள் வந்தது. டீக்கி மது என்றாலே சிவப்புச் சர்க்கரைத் தண்ணீர் என்ற பெயர் அதோடு வந்தது.

மை தாய் என்ற டீக்கி மதுவின் 1944 செய்முறையை எடுத்துக்கொள்வோம், டிரேடர் விக் என்ற இன்னொரு டீக்கி முன்னோடியுடையது. 60 மில்லி ரம், ஒரு எலுமிச்சையின் சாறு, 15 ஆரஞ்சு கியூராசோ (ஆரஞ்சுத்தோல் மணமுள்ள இனிப்பு மது), 15 ஓர்ஷா (பாதாம் சர்பத்துதான், ஆரஞ்சுப்பூ நீர் சேர்த்தது), 7.5 கற்கண்டுப் பாகு. இதில் கெடாத மூன்றும் சேர்ந்தால் 37.5 மில்லி. 750 மில்லி பாட்டிலில் சரியாக இருபது கோப்பை: கியூராசோ 300, ஓர்ஷா 300, பாகு 150. பாதாம் மேலே திரளும், ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். ஆக மேசையில் மூன்றே அசைவு: ரம், பாட்டில், சாறு. சாறு அன்றன்று பிழிந்தது. நூறு கோப்பைக்கு நூறு எலுமிச்சை, மூன்று லிட்டர் என்று வைத்துக்கொண்டால் தப்பாது. மறுநாளைக்கு மிஞ்சினால் கொட்டுங்கள்.

அசல் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு: விக் முதலில் ஊற்றிய 17 வருஷ ஜமைக்கா ரம் சீக்கிரமே தீர்ந்துவிட்டது. அவரே ஜமைக்காவையும் மார்த்தினிக்கையும் கலந்து மாற்றுக் கண்டுபிடித்தார். மூலவரே மாற்றியிருக்கிறார், நாம் மாற்றக்கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். மாற்றலாம். அவர் சுவை பழைய இடத்தில் நிற்பதற்காக மாற்றினார், விலை குறைய அல்ல.

ஐஸ் மெஷினை மட்டும் யோசிக்காமல் புதிதாக வாங்குங்கள். பொடி ஐஸ் இல்லாமல் இந்த மது எதுவும் நிற்காது, அது பின்கட்டில்தான் இருக்கிறது, யாருக்கும் தெரியாது.

மூங்கில் | 6 மார்ச், காலை 6.15

எரியும் கிண்ணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. மேலே கீற்று, கீழே தீ. நமக்குக் கீற்றும் தீயும் என்றால் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, 2004 கும்பகோணம் போதும். அமெரிக்காவில் அலங்காரப் பொருளைப் பற்றி அவ்வளவு கெடுபிடி வந்ததற்குப் பின்னால் பாஸ்டன் கோகோநட் குரோவ் இருக்கிறது. 1942 நவம்பர் 28, செயற்கைத் தென்னைகளும் துணிக் கூரையும் வைத்த இரவு விடுதி. 492 பேர். சுழல்கதவில் நெரிசல், பூட்டிய வாசல்கள்.

ஆகவே கீற்று சோதனை. அரை அங்குல அகலம், நாலு அங்குல நீளத்துக்கு ஒரு துண்டை வெட்டி, வெளியே கொண்டுபோய், தீக்குச்சியை 12 நொடி அடியில் பிடியுங்கள். குச்சியை எடுத்ததும் 2 நொடிக்குள் அணைய வேண்டும், எரியும் துணுக்கு விழக்கூடாது. விழுந்தால் கீற்றில் பூசிய தீத்தடுப்பு மருந்து போய்விட்டது என்று அர்த்தம். வெளிக்கூரையில் மழையே கழுவிவிடும். உள்ளே, "சுத்தம் செய்கிறேன்" என்று ஈரத்துணி போட்டவர் கழுவியிருப்பார். பல கூரைகளில் ஒரு பக்கம் மட்டும் தேறும். நாலு மூலையிலும் எடுத்துப் பாருங்கள். தெளிப்பானின் தலைக்குக் கீழே 18 அங்குலம் எதுவும் தொங்கக்கூடாது. வலையும் மிதவையும் மாட்டுகிறவர்கள் அதில்தான் மாட்டுவார்கள், கொக்கி மாதிரி இருக்கிறதாம்.

கிண்ணத்தில் 151 ரம்மை (முக்கால் பங்குக்கு மேல் ஆல்கஹால்) பாட்டிலிலிருந்து நேராக ஊற்றிப் பற்றவைப்பது குற்றம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எலுமிச்சை எசென்ஸில் நனைத்த ஒரு ரொட்டித் துண்டு, வாடிக்கையாளர் எதிரில் பற்றவைத்தால் போதும். அழகான மஞ்சள் சுடர், சீக்கிரம் அணையும்.

கணக்கர் | 6 மார்ச், காலை 9.35

விறகு அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வரி. மை-கையின் பழைய சமையலறையில் சீன அடுப்பு விறகில்தான் எரிந்தது, வாத்தும் பன்றி விலாவும் அதில் தொங்கின. இப்படிப்பட்ட அடுப்புக்குப் புகைக்குழாய் தனி. எண்ணெய்ச் சட்டிக்கு உள்ள குழாயில் சேர்க்க விதி இடம் தராது, பொறி கொழுப்பில் பிடிக்கும். சோதனையும் மாதம் ஒருமுறை. பட்ஜெட்டில் இதை மறந்துவிட்டு "வாயு அடுப்புக்கு மாறிவிடலாம்" என்று முடிவெடுப்பார்கள். வாடிக்கையாளர் விலாவைக் கடித்ததும் கண்டுபிடித்துவிடுவார்.

கேள்விக்காரர் | 6 மார்ச், மாலை 6.10

சட்டம், தீ, தண்ணீர் எல்லாம் சரி. ஆனால் இந்த மொத்த விஷயமே ஒரு போலி இல்லையா? இதில் போலினேசியா எங்கே?

பின்கட்டு | 6 மார்ச், இரவு 10.30

நல்ல கேள்வி, தாமதமாகக் கேட்டீர்கள். சாப்பாடு கன்டோனீஸ். ரம் கரீபியன். முதல் தலைமுறை மதுக் கலவைஞர்களில் பலர் பிலிப்பினோக்கள், அவர்களில் ரே புஹென் 1961-ல் லாஸ் ஏஞ்சலஸில் திறந்த சிறிய டீக்கி-டீ இன்றும் அவர் குடும்பத்திடம்தான். சுவரில் நியூ கினியின் செபிக் முகமூடி, அது மெலனீசியா. மோஆய் ராபா நுய்யுடையது, அதாவது ஈஸ்டர் தீவு. மரப்பட்டைத் துணி சமோவாவா டோங்காவா என்று கடைக்காரருக்கே தெரியாது. டீக்கி என்ற சொல்லோ நியூசிலாந்தின் மாவோரி மரபில் முதல் மனிதன்.

இதை மறைக்க வேண்டியதில்லை. பொருளுக்குப் பொருள் சிறு சீட்டு ஒட்டினால் போதும்: எந்தத் தீவு, செதுக்கிய கை யாருடையது, எந்த வருஷம் வாங்கியது. அரைகுறை ஆடைப் பெண் படம் போட்ட பழைய மெனு கண்ணாடிப் பெட்டிக்குள் போகட்டும், மேசைக்கு வேண்டாம். இந்த இடத்தில் நான் மாற்றத்தின் பக்கம். மை-கை போன்ற இடங்களில் மேடையில் ஆடுகிறவர்கள் போலினேசியர்கள் என்றால், அவர்கள் சம்பளமும் ஒப்பனை அறையும்கூடப் பாதுகாப்புச் செலவில் சேர்த்திதான். அந்த அறை எப்போதும் பின்கட்டில், எப்போதும் ஒழுகுகிறது.

பின்கட்டு | 7 மார்ச், காலை 7.05

கடை மூடியபின் சிதறும் பொருள்கள் என்றால் நினைவுக்கு வருவது ஹவாயில் ஹோனலூலுவின் லா மரியானா. 1957-ல் தொடங்கிய படகுச் சங்கம். பக்கத்துக் கடைகள் மூட மூட அவற்றின் விளக்கு, மேசை, தூண் எல்லாம் அங்கே போய்ச் சேர்ந்தது. ஒரு கடையைக் காப்பாற்ற முடியாவிட்டால் இப்படியாவது.

மீன் விஷயத்தில் அதுகூட எளிதில்லை. கலிபோர்னியா ரோஸ்மீடின் பஹூக்கா 2013-ல் மூடியபோது நூற்றுக்கு மேல் மீன்தொட்டிகள். அதில் கேரட் தின்னும் ரூஃபஸ் என்ற மீன் ('பாக்கு' என்ற தென் அமெரிக்க இனம்) கடையைவிடப் பிரபலம். மரச்சிலையை லாரியில் ஏற்றலாம். ரூஃபஸுக்கு முதலில் தொட்டி பார்க்க வேண்டும்.

கேள்விக்காரர் | 7 மார்ச், காலை 8.30

கடைசியாக ஒன்று. நவீனப்படுத்தாமலே வியாபாரமாக ஓடும் ஒன்றைக் காட்டுங்கள்.

பின்கட்டு | 7 மார்ச், மதியம் 12.50

சான் பிரான்சிஸ்கோ ஃபேர்மான்ட் ஓட்டலின் டோங்கா அறை. 1929-ல் கட்டிய நீச்சல்குளம், 1945-ல் எம்ஜிஎம் பட நிறுவனத்தின் அரங்க அமைப்பாளர் ஒருவரை வைத்து அதை அலங்காரக் குளமாக்கினார்கள். நடுவில் கூரை போட்ட படகில் வாத்தியக் கோஷ்டி மிதந்து வரும், இடி இடித்து மழை பெய்யும். 2009-ல் கோபுரத்தைக் குடியிருப்பாக்கும் திட்டம் வந்தபோது இது போகும் என்றார்கள். நகரத் திட்டத் துறை அதை வரலாற்று வளம் என்று கணக்கில் எடுத்தது, திட்டம் நின்றுபோனது. மழை இன்றும் பெய்கிறது.

ஆனால் முழு நியாயமாகச் சொன்னால் அது ஓட்டலுக்குள் இருக்கிறது. கூரையும் கழிப்பறையும் வேறொருவர் செலவு. தனிக் கடைக்கு அது பொருந்தாது. இதை நேற்றே சொல்லியிருக்க வேண்டும்.

மூங்கில் | 7 மார்ச், இரவு 9.15

வாசல் பாலம் விட்டுப்போயிற்று. மை-கையில் கார் ஏறும்போது பலகை தடதடக்குமே, அந்த மாதிரி நடைபாலம் பல கடைகளில் உண்டு. சக்கர நாற்காலி விதி வந்ததும் சிமெண்ட் போட்டு மூடிவிடுகிறார்கள். தேவையில்லை. அகலம் 36 அங்குலத்துக்குக் குறையக்கூடாது, பலகை இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது, பலகைக்குப் பலகை ஏற்றத்தாழ்வு கால் அங்குலத்துக்குள், சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று. இது எதுவும் சத்தத்தைத் தடை செய்யவில்லை.

பலகையை இரண்டு முனையில் மட்டும் திருகி, நடுச் சட்டத்தில் திருகாமல் விட்டுவிடுங்கள். அடியில் ஒரு சாண் வெற்றிடம் இருக்கட்டும், மண்ணோ நுரையோ நிரப்பாதீர்கள். முனைத் திருகைச் செம்பு வாஷரோடு போட்டால் பலகை தூக்காது, ஆனால் மிதிக்கும்போது அடிக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திருகை இறுக்க வேண்டும். இறுக்குகிறவரிடம் நடுவில் திருக வேண்டாம் என்று எழுதியே ஒட்டிவையுங்கள், இல்லையென்றால் நல்லது செய்வதாக நினைத்துத் திருகிவிடுவார்.